பதினோரு ஸ்க்ரூ

"இன்னும் சரியா வரலீங்க மேடம்," என்றார் நாச்சிமுத்து.

ரெஜினா குறி அட்டையைப் பார்த்தாள். ஐந்து பெல்லட் குண்டும் ஐந்து திசையில் போயிருந்தன.

"போன வாரம் என்ன மாத்துனீங்க?"

"கன்னம் வைக்கிற கட்டையைங்க."

"அதுக்கு முந்தி?"

"பின்கட்டைக்குள்ள ஈயம் வெச்சேன். அதுக்கு முந்தி டெலஸ்கோப் உக்கார்ற மேடை. அதுக்கு முந்தி..."

"போதுங்ணா."

அவருக்கு ஐம்பத்து நான்கு. அவளுக்கு முப்பத்தொன்று. துப்பாக்கிப் போட்டிகளில் மாநிலத்துக்காகச் சுட்டவள். தோள்பட்டை போன பிறகு, கணபதி பகுதியில் பழைய தறிக்கூடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து ஏர் ரைஃபிள் சொல்லிக்கொடுத்தாள். பேச்சு குறைவு. அவர் அவளை மேடம் என்பார், அவள் அவரை அண்ணா என்பாள்.

நாச்சிமுத்து வீட்டுக்குப் பின்னால் பட்டறை போட்டு மோட்டார் காயில் கட்டுகிறவர். சொந்த லேத் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு புல்பப் வாங்கினார். குட்டையான துப்பாக்கி. இயந்திரமெல்லாம் தோளோரம் இருக்கும், விசை மட்டும் முன்னால் தனியாக நிற்கும். இரண்டையும் இணைக்க உள்ளே ஒரு கம்பி ஓடும்.

வாங்கிய மாதமே கம்பெனிக் கம்பியைக் கழற்றிப் போட்டுவிட்டு, தானே ஒன்றைக் கடைந்து மாட்டினார். அந்தக் கம்பியின் கதையைக் கேட்காமல் அவர் வீட்டிலிருந்து யாரும் காபி குடித்துவிட்டு வந்ததில்லை.

"அந்தக் கம்பியில ஏதாச்சும் இருக்குமோ?" என்று ரெஜினா ஒருமுறை கேட்டிருந்தாள்.

"ஏனுங்க மேடம், அது நான் கடைஞ்சதுங்க!"

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

தறிக்கூடத்து கிளப்பின் வருஷப் போட்டி ஞாயிற்றுக்கிழமை. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும், பெயர் கூப்பிட்டபோது நாச்சிமுத்து எழுந்து நின்று, "துப்பாக்கி இன்னும் ரெடியாகலீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மூன்றாவது முறையும் சுடாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள்.

பெயர் போனால் போகிறது என்று விட அவரால் முடியவில்லை. வீட்டு மாடியில் பூச்சு வேலை பாதியில் நிற்கிறது. பிரித்த ஸ்கூட்டர் ஏழு வருஷமாக மூட்டையில் இருக்கிறது. "அப்பா எதைத்தான் முடிச்சிருக்காரு?" என்று மகள் யாரிடமோ போனில் சிரித்ததை அவர் கேட்டிருந்தார். கேட்ட நாளிலிருந்து தூக்கமில்லை. இந்த ஒன்றையாவது முடித்துவிட வேண்டும்.

"நாலு நாள்தான் இருக்குதுங்க. என்ன பண்ணட்டும்?" என்று கேட்டார்.

ரெஜினா கைப்பையைத் திறந்து நெயில் பாலிஷ் எடுத்தாள். நல்ல சிவப்பு.

"இது எதுக்குன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை."

வேண்டியதில்லைதான். அவர் பட்டறையை விட்டுப் போகும் ஒவ்வொரு மோட்டாரிலும் ஸ்க்ரூ தலையில் மஞ்சள் பெயின்ட் ஒரு பொட்டு இருக்கும். பொட்டு உடைந்திருந்தால் கியாரண்டி கிடையாது. "யாரு கை வெச்சாங்களோ அவங்ககிட்டயே போங்க" என்று எத்தனையோ விவசாயிகளை வெயிலில் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

துப்பாக்கியைக் குப்புறப் போட்டு அவள் ஸ்க்ரூ தலைகளில் பூச ஆரம்பித்தாள். நாச்சிமுத்துவால் பார்க்க முடியவில்லை. ஊசி போட்டுக்கொள்கிறவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை இப்படியே கொண்டு வாங்க. பாலிஷ் உடையக் கூடாது."

"பார்க்கலாமுங்களா?"

"நல்லாப் பாருங்க. பார்க்கிறதுக்குத் தடையில்லை."

அவர் பார்க்கவில்லை. பார்த்தால் கை போகும் என்று தெரியும். துப்பாக்கியைத் துண்டில் சுற்றிப் பட்டறையில் வைத்து, பூட்டி, சாவியை மனைவி சரோஜினியிடம் கொடுத்தார்.

வியாழக்கிழமை சாப்பாட்டில் உப்பில்லை என்று சண்டை போட்டார். உப்பு இருந்தது.

வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்த கதவுகளுக்கெல்லாம் எண்ணெய் விட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் சாவியைக் கேட்டார்.

"ரெண்டு நாள் தாங்குனீங்களே, பரவாயில்லை," என்று சரோஜினி முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள்.

தின்னரில் துணியை நனைத்துப் பாலிஷை ஒரே துடைப்பாகத் துடைத்தார். கட்டையைக் கழற்றினார். கன்னக்கட்டையை ஒரு நூல் அளவு ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். ஈயத்தை எடுத்தார், திரும்ப வைத்தார். சாயங்காலம் எல்லாவற்றையும் பூட்டி முடித்தபோது துப்பாக்கி ஏறக்குறைய போன வாரம் இருந்த மாதிரியேதான் இருந்தது. பாலிஷ் மட்டும் இல்லை.

அப்போதுதான் பயம் வந்தது.

மூன்று ஃபேன்சி கடை ஏறி இறங்கினார். நிறம் ஒத்துப்போகிறதா என்று தன் கட்டைவிரல் நகத்திலேயே பூசிப் பார்த்தார். "ஆன்ட்டிக்கு வேற கலர் காட்டட்டுமா அங்கிள்?" என்றாள் கடைப்பெண். காசைக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஸ்க்ரூ ஒவ்வொன்றுக்கும் அழகாகப் பூசினார். பொட்டு வைப்பது அவருக்குக் கைவந்த வேலை.

ஞாயிற்றுக்கிழமை காலை தறிக்கூடத்தில் கூட்டம். ரெஜினா துப்பாக்கியை வாங்கிக் குப்புறப் போட்டாள். விரலை ஒவ்வொரு பொட்டின் மேலும் வைத்துக்கொண்டே போனாள்.

"உடையவே இல்லையே."

"நீங்க சொல்லிட்டீங்களே மேடம்."

"எத்தனை இருக்குதுன்னு எண்ணுங்க."

எண்ணினார். "பதினொண்ணுங்க."

"நான் பத்துதான் பூசினேன்."

நாச்சிமுத்துவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. சிவப்பு நகத்தை மற்ற விரல்களுக்குள் மடக்கிக்கொண்டார். இந்த வயதில் ஒரு சின்னப் பெண்ணிடம் பொய் சொல்லி மாட்டிக்கொண்டோமே என்று அவமானமாக இருந்தது.

"பிரிச்சுட்டேனுங்க. எல்லாத்தையும் பிரிச்சுட்டேன். என் பேரை எடுத்துருங்க."

"எதைப் பூசாம விட்டேன்னு நீங்க கேட்கவே இல்லையேங்ணா."

அவர் குனிந்து பார்த்தார். மூன்று வருஷத்தில் முதல்முறையாக, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

பத்து ஸ்க்ரூவின் தலைகளும் ஆலன் கீ என்கிற திருகுச்சாவி போய்ப் போய் மழுங்கியிருந்தன. பாலிஷுக்கு அடியிலும் அது தெரிந்தது. ஒன்று மட்டும் மாட்டிய நாள் மாதிரி விளிம்பு கூராக இருந்தது. அவர் கடைந்த கம்பியைப் பிடித்திருந்த ஸ்க்ரூ அது.

சிவப்பு நகத்தால் அந்தப் பொட்டைச் சுரண்டினார். விசையை ஒரு விரலால் லேசாக அசைத்தார். உள்ளே கம்பி லொடலொடவென்று ஆடியது. மூன்று வருஷமாக ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

"நாச்சிமுத்து! நாலாம் நம்பர் பெஞ்ச்!" என்று ஒலிபெருக்கி கூப்பிட்டது.

ரெஜினா ஆலன் கீயை நீட்டினாள். அவர் வாங்கி அந்த ஸ்க்ரூவை இறுக்கினார். கால் சுற்றுதான்.

"சுட்டுப் பார்க்க நேரமில்லையேங்க."

"இல்லை."

"கன்னக்கட்டையும் ஒரு நூல் ஏறி நிக்குது."

"நிக்கட்டும்."

அவர் கை மற்றொரு ஸ்க்ரூவுக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. பிறகு ஆலன் கீயை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"நாச்சிமுத்து! இருக்கீங்களா?"

நாச்சிமுத்து எழுந்தார். கூட்டத்தில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அவர் என்ன சொல்வார் என்று அவர்களுக்குத் தெரியும்.

"துப்பாக்கி இன்னும் ரெடியாகலீங்க," என்றார் நாச்சிமுத்து. சொல்லிக்கொண்டே போய் நாலாம் நம்பர் பெஞ்சில் உட்கார்ந்தார்.