கத்தரித்த பிலிம்

எலும்பு மருத்துவர் ஞானதிரவியம் ஐம்பத்திரண்டு வயதில் ஆராய்ச்சி மாணவரானார். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று மனைவியே கேலி செய்தாள். வழிகாட்டியான பேராசிரியர் கயற்கண்ணி அவரைவிடப் பதினாலு வயது இளையவர்.

மூட்டிலிருந்து எடுத்த குருத்தெலும்புச் செல்களை ஞானதிரவியம் இரண்டு தட்டுகளில் வளர்த்தார். ஒன்றுக்குச் சூடு காட்ட வேண்டும், மற்றதைச் சும்மா விட வேண்டும். துன்பப்படுகிற செல் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு புரதத்தை உண்டாக்கும். சோதனையில் அது எக்ஸ்-ரே பிலிமில் கறுப்புக் கோடாக விழும்.

அவர் கயற்கண்ணியிடம் கொண்டுவந்த பிலிமில் ஒரே ஒரு கோடு இருந்தது. வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்ப வேண்டும்.

"இது சூடு காட்டினது. சும்மா விட்டது எங்க டாக்டர்?"

"அதுல ஒண்ணும் விழல மேடம். வீண்தானேன்னு கத்தரிச்சிட்டேன்."

சொல்லிவிட்டு அவரே மெல்லக் கேட்டார். "ஒரு சந்தேகம். சும்மா இருக்கிற செல்லும் அந்தப் புரதத்தை உண்டாக்குமா?"

கயற்கண்ணி பிலிமின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"நாளைக்கு இன்னொரு தடவை செய்யுங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

மறுநாள் ஞானதிரவியம் சும்மா விட வேண்டிய தட்டை, செல் வளர்க்கும் கதகதப்பான பெட்டிக்குள் வைத்தார். மனசு கேட்கவில்லை. திறந்து, ஏசி குளிரில் வெளியே எடுத்து, நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு வைத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எடுத்தார். கயற்கண்ணி பக்கத்தில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் ஒரு தாளை அவர் பக்கம் நகர்த்தினார். தட்டை வெளியே எடுத்த தடவைக்கு ஒன்றாக, அதில் பென்சிலால் ஒன்பது கோடுகள்.

"இதான் நீங்க சும்மா விட்ட தட்டு."

மாவுக்கட்டைப் பிரித்துப் பார்க்காதீர்கள் என்று இருபத்தைந்து வருஷமாக நோயாளிகளைத் திட்டியவர் அவர். முகம் எரிந்தது. சட்டைப் பையிலிருந்து, அன்று கத்தரித்த துண்டு பிலிமை எடுத்து மேசையில் வைத்தார். அதிலும் கறுப்புக் கோடு அழுத்தமாக விழுந்திருந்தது.

"பொய் சொல்லிட்டேன் மேடம். வெட்கமா இருக்கு. தூக்கிப் போடவும் கை வரல."

கயற்கண்ணி துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மூட்டு வலின்னு வர்றவங்ககிட்ட முதல்ல என்ன கேப்பீங்க?"

"எங்க வலிக்குதுன்னு."

"குருத்தெலும்புக்கு நரம்பு உண்டா?"

"இல்ல மேடம்."

"ரத்தக்குழாய்?"

"அதுவும் இல்ல."

"அப்போ அதுக்கு வலிச்சா எப்படிச் சொல்லும்?"

கயற்கண்ணி கறுப்புக் கோடு தெரியும்படி அந்தத் துண்டை அவர் முன்னால் வைத்தார்.

"சொல்லிச்சு டாக்டர். அதைத்தான் நீங்க கத்தரிச்சிட்டீங்க."