ஒருத்திக்கு அரைக்காத ஆட்டுக்கல்

முன்னொரு காலத்தில் பொழிலூர் என்ற நாட்டை விசயகண்டன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் காற்றடிக்கிற பக்கம் சாய்கிற ஆள். காலையில் போட்ட சட்டம் மாலையில் அவனுக்கே நினைவிருக்காது. ஊர்க்காரர்கள்தான் மறக்கக் கூடாது.

அந்த ஊரின் வடக்குத் தெருவில் சொர்ணத்தாய் என்று ஒருத்தி தனியாக இருந்தாள். வயது ஐம்பது. புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். மகள்கள் இரண்டு பேரும் ஆற்றுக்கு அக்கரையில் வாக்கப்பட்டுப் போய்விட்டார்கள்.

ஒருத்திக்குச் சமைப்பது இருக்கிறதே, அது பெரிய தொல்லை. ரசம் கொஞ்சமாக வைத்தால் உப்புக் கரிக்கும். சோறு கொஞ்சமாக வைத்தால் அடிப்பிடிக்கும். வடை என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு பிடி உளுந்தை ஆட்டுக்கல்லில் போட்டால் குழவிக்கும் குழிக்கும் பூசவே சரியாகிவிடும். ஆழாக்கு போட்டால்தான் மாவு பொங்கும். பொங்கினால் பன்னிரண்டு வடை. அவள் தின்பது இரண்டு. மிச்சத்தைக் கிண்ணங்களில் வைத்து அக்கம்பக்கம் கொடுப்பாள். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க யாராவது வருவார்கள். "நல்ல முறுகல்க்கா" என்று நிலைப்படியில் நின்று நாலு வார்த்தை பேசுவார்கள். உண்மையைச் சொன்னால், வெள்ளிக்கிழமைதோறும் அவள் உளுந்து ஊறப்போட்டதே அந்த நாலு வார்த்தைக்காகத்தான்.

அரண்மனை மடைப்பள்ளிக்குக் கடம்பன் என்று ஓர் அதிகாரி. ராஜாவின் பிறந்தநாளுக்கு வீட்டுக்கு வீடு லட்டு அனுப்பினான். வடக்குத் தெருப் பிள்ளைகள் லட்டை மதில்மேல் வைத்துவிட்டுச் சொர்ணத்தாயின் வடையைத் தின்றார்கள். அது கடம்பன் காதுக்குப் போனது. பொறுக்குமா? நேரே ராஜாவிடம் போய் நின்றான்.

"மகாராஜா, வீட்டுக்கு வீடு பண்டம் போனால் கூடவே வம்பும் போகும். வம்பு முற்றினால் கலகம்."

"அப்படியா? போடு சட்டம்!" என்றான் ராஜா.

தண்டோரா போட்டார்கள். அவரவர் வாய்க்கு எவ்வளவோ அவ்வளவுதான் சமைக்க வேண்டும். ஒரு பருக்கை வாசல் தாண்டினாலும் ஊரைவிட்டே போக வேண்டும்.

நாலு வெள்ளிக்கிழமை போயிற்று. சொர்ணத்தாயின் கதவை ஒருவரும் தட்டவில்லை. பேசாமல் பேசாமல் குரலே போய்விட்டதோ என்று பயந்து, "எரியேன் சனியனே" என்று அடுப்பைத் திட்டிப் பார்த்தாள். குரல் இருந்தது.

ஐந்தாம் வெள்ளிக்கிழமை தாங்க முடியவில்லை. வடை சுட்டாள். பக்கத்து வீட்டுப் பேச்சிக்கு வேலிக்கு மேலே கிண்ணத்தை நீட்டியபோது சேவகன் கையைப் பிடித்தான்.

அரசவையில் ராஜா கேட்டான்: "ஏம்மா, உனக்கு வேண்டியதை மட்டும் சுட்டால் என்ன?"

"ஒருத்திக்குன்னா ஆட்டுக்கல்லு அரைக்க மாட்டேங்குது, மகாராஜா."

கடம்பன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! கை ஆகாது, கல்லின்மேல் பழி."

"அப்போ ஐயாவே செய்யட்டும். ஒரு ஆளுக்கு ரெண்டே ரெண்டு வடை. செஞ்சிட்டா நான் மூட்டையைக் கட்டுறேன்."

ராஜாவுக்கு ஒரே கொண்டாட்டம். "பலே! கடம்பா, தோற்றால்?"

"இரண்டுக்குமேல் ஒரு சொட்டு மாவு மிஞ்சினாலும் என் தலைப்பாகையைக் கழற்றி வைக்கிறேன்" என்று அவன், எந்நேரமும் உளுந்து ஊறிக்கிடக்கும் மடைப்பள்ளிக்குப் போனான்.

அவசரப்பட்டுவிட்டோமோ என்று சொர்ணத்தாய்க்குத் தோன்றியது. அரண்மனைக்காரன், ஏதாவது சூட்சுமம் தெரிந்து வைத்திருந்தால்? எங்கே போவது? மகள் வீட்டு மாமியாரிடம் போய்க் கைகட்டி நிற்பதா?

கடம்பன் வெள்ளித் தட்டோடு வந்தான். இரண்டே வடை. ராஜா ஒன்றைக் கடித்தான். "அடடா, பஞ்சு! சரி அம்மா, கிளம்பு."

"இன்னொண்ணை நான் பிட்டுப் பார்க்கலாமா, மகாராஜா?"

பிட்டாள். உள்ளே வெள்ளை வெளேரென்று மெத்தென்றிருந்தது. அவளுக்கு மூச்சு வந்தது.

"மகாராஜா, இது ஒரு பிடி உளுந்துல வர்ற மாவே இல்ல. கல்லு நிறைய ஆட்டின மாவு. மடைப்பள்ளியில இன்னும் முப்பது வடையாவது இருக்கும். ஆறிப்போகுமுன்ன ஆளை அனுப்பிப் பாருங்க."

"பொய்!" என்று கத்தினான் கடம்பன்.

சேவகர்கள் ஓடினார்கள். ஒரு கூடையோடு திரும்பினார்கள். கூடையில் நாலு வடைதான் இருந்தது. பின்னாலேயே பரிசாரகர்கள் பத்துப் பேர் வந்தார்கள். ஒருவனுக்கும் வாய் திறக்கவில்லை. திறந்தால் வடை விழும்.

"என்னடா இது?"

கடம்பன் கையைப் பிசைந்தான். "மகாராஜா... இவ்வளவு நல்ல வடையை வீணாக்க மனசு வரவில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்குக் கொடுத்தேன்."

சபையே குலுங்கியது. "உன் சட்டத்துக்கு நீயே பதில் சொல்லிவிட்டாய்" என்றான் ராஜா. தலைப்பாகை அங்கேயே இறங்கியது. இனி வெள்ளிதோறும் கடம்பனே உளுந்தாட்டி, தலையில் கூடை சுமந்து, வடக்குத் தெருவுக்கு வடை கொடுக்க வேண்டும். சட்டமும் ரத்து. சொர்ணத்தாய்க்கு ஒரு மூட்டை உளுந்து பரிசு.

அவள் கும்பிட்டுத் திரும்பும்போது ராஜா கேட்டான்: "வீட்டில் தனியாக எப்படித் தின்பாய்?"

"அடுப்படியில நின்னுக்கிட்டே, மகாராஜா. ஒருத்திக்கு எதுக்கு இலை?"

"என் முன்னால் யாரும் உட்காரக் கூடாது என்பது முறை. நானும் தனியாகத்தான் தின்கிறேன், உட்கார்ந்துகொண்டு. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றான் ராஜா.

மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு சொர்ணத்தாய் வீடு வந்தாள். உளுந்து ஊறி, அரைத்து, சுடுவதற்குள் பொழுது போய்விடும். அதுவரை அந்த வீட்டுக்குள் இருக்க வேண்டுமே என்று நினைத்தபோது கால் உள்ளே போகவில்லை. பேச்சி வீட்டுக் கதவைத் தட்டினாள்.

பேச்சி அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு கையைப் பார்த்தாள். "என்னக்கா, வெறுங்கையோட?"

"ஒண்ணுமில்ல... சும்மாதான் வந்தேன்."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைப் பேச்சி காலால் ஓரமாகத் தள்ளினாள். "உக்காருங்க."

ஆறு வருஷத்தில் அடுத்த வீட்டுக்குள் போய்ச் சொர்ணத்தாய் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.