சேற்று நூலின் மேல்நுனி

முத்துப்பேட்டைக்குத் தெற்கே, அலையாத்திக் காட்டுக்குள் ஒரு திட்டில் அபரஞ்சி அம்மாள் தியானக் கூடம் நடத்தி வந்தார். கல்லூரியில் உயிரியல் கற்பித்தவர். அந்த வேலையை விட்டு வந்தபோது ஒரு நுண்ணோக்கியை மட்டும் கையோடு கொண்டு வந்திருந்தார்.

காலையில் சீடர்கள் கூடத்தில் அமர்ந்து மூச்சைக் கவனிப்பார்கள். வேதையன் மட்டும் அமர்வதில்லை. அம்மாளுக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. படகில் கரைக்குப் போய் அரிசியும் குடிதண்ணீரும் கொண்டுவருவது அவர் வேலை.

கூடத்துக்கு ஒரு விதி இருந்தது. ஊருக்குப் போய்த் திரும்பியவர் அன்று முழுவதும் உள்ளே வந்து அமரக் கூடாது. ஊர்ச் சத்தம் அவரோடு ஒட்டிக்கொண்டு வரும். நல்ல விதி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

வேதையன் தினமும் ஊருக்குப் போனார்.

ஒரு நாள் காலை, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, கையில் பையோடு அம்மாளிடம் வந்தார். அம்மாள் வாசல் வெயிலில் நுண்ணோக்கியின்மேல் குனிந்திருந்தார்.

"அம்மா, ஒரு விஷயம் சொல்லணும்."

"நேத்து நீங்க அள்ளிட்டு வந்த சேறுதானே இது? எங்க அள்ளுனீங்க?"

"படகுத் துறையில. அம்மா, நான்..."

"இதுல இருக்குது வேதையன். எங்கேயோ இருக்குதுன்னு படிச்சேன். நம்ம காலுக்கு அடியிலயே இருக்குது."

"எது?"

"நூல். உயிருள்ள நூல்."

அம்மாள் நிமிரவே இல்லை. குரல் மட்டும் பரபரத்தது. அவர் அப்படிப் பேசி வேதையன் கேட்டதில்லை.

"சேத்துக்கு அடியில என்ன இருக்கு, சொல்லுங்க."

"நாத்தம்."

"அந்த நாத்தந்தான் இதுக்குச் சாப்பாடு. ஆனா அடியில காத்து இல்ல. மேல?"

"காத்து இருக்கு. சாப்பாடு இல்ல."

"அப்ப என்ன செய்யணும்?"

"படகு விடணும்," என்றார் வேதையன். குரலில் கசப்பு இருந்தது.

அம்மாள் சிரித்தார். "அதேதான். ஆனா இங்க படகு இல்ல, மின்சாரம். ஆயிரக்கணக்கான நுண்ணுயிர் வரிசையா ஒட்டி ஒரே நூலா நிக்குது. கீழ இருக்கிறது சாப்பிடும். சாப்பிட்டதுல வர்ற மின்சாரம் நூல் வழியா மேல ஏறும். மேல்நுனியில இருக்கிற கொஞ்சம் பேர் அதை வாங்கிக் காத்துல சேத்துடுவாங்க. மொத்த நூலுக்கும் அவங்கதான் மூச்சு விடுறாங்க."

வேதையன் பையைக் கீழே வைத்தார்.

"மேல இருக்கிறவன் சாப்பிடுவானா?"

"மாட்டான்."

"வளருவானா?"

அம்மாள் தயங்கினார். "கீழ இருக்கிறது வளருது, பெருகுது. மேல இருக்கிறது வளர்றதாத் தெரியலன்னு ஆராய்ஞ்சவங்க சொல்றாங்க."

"பிறகு அவனுக்கு என்னதான் கிடைக்குது?"

"தெரியல."

"மூச்சு விடமாட்டேன்னு அவன் கிளம்பிட்டா?"

"கீழ இருக்கிற எல்லாரும் பட்டினி. சாப்பாட்டுக்கு நடுவுலயே பட்டினி."

"இதைச் சொன்னா நான் நின்னுடுவேன்னு பாக்குறீங்களா?"

அம்மாள் அப்போதுதான் நிமிர்ந்தார். வெளுத்த வேட்டியையும் பையையும் பார்த்தார்.

"எங்க போறீங்க?"

"முன்னாடி வேலை பாத்த சைக்கிள் கடைக்கே. மச்சான் கூப்பிடுறார். வந்ததுலேருந்து ஒரு நாள் உள்ள உக்காந்ததில்ல அம்மா. முன்வரிசையில உக்கார்ற சபேசன் சார் கண்ணைத் திறந்தா முகத்துல என்னமோ ஒரு அமைதி இருக்கு. நான் கண்ணை மூடுனா தண்ணிக் கேன்தான் தெரியுது."

அம்மாள் நுண்ணோக்கியை விட்டு விலகி நின்றார்.

"போறதுக்கு முன்னாடி ஒரு தடவை இதைப் பாத்துட்டுப் போங்க."

வேதையன் குனிந்தார்.

"ரெண்டு கண்ணையும் மூடிட்டா எப்படித் தெரியும்? ஒன்னைத் திறங்க."

திறந்தார். அப்புறம் அசையவில்லை. முதுகில் வெயில் ஏறியது.

"அம்மா, இது நகருது."

"தண்ணி ஓடும். கண்ணாடித் துண்டைத் தொட்டிருப்பீங்க."

"பக்கத்துத் தூசியெல்லாம் அப்படியே நிக்குது. நூல் மட்டும் வழுக்கிக்கிட்டுப் போகுது. இப்ப நிக்குது. திரும்பி வந்த பக்கமே போகுதும்மா."

"தள்ளுங்க."

அம்மாள் அவரை ஏறக்குறைய இடித்துத் தள்ளிவிட்டுக் குனிந்தார்.

"தெரியுதா?"

"இருங்க."

"கொஞ்சம் பொறுத்தா பின்னாடி வரும். வந்துச்சா?"

"இருங்கன்னேன்ல."

வந்தது. அம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"அப்படின்னா சேத்துக்குள்ளயும் ஏறி இறங்கும்," என்றார் வேதையன். வார்த்தைகள் முட்டிக்கொண்டு வந்தன. "மேல நின்னவன் கீழ சாப்பாட்டுக்குப் போவான். கீழ நின்னவன் மேல வருவான்."

"இருக்கலாம்னு நினைக்கிறாங்க. யாரும் உறுதியாச் சொல்லல."

"மாறி மாறித்தான் நிக்கும் அம்மா. இல்லாட்டி எந்த மடையன் அங்க போய் நிப்பான்?"

அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஊருக்குப் போனவர் உள்ள வரக் கூடாதுன்னு வெச்சது நான்தான். தினமும் ஒரே ஆள் போவார்னு எனக்குத் தோணவே இல்ல."



அம்மாள் சேறு படிந்த கைகளோடு கூடத்துக்குள் போனார். முன்வரிசையில் அமர்ந்திருந்த சபேசனின் தோளைத் தொட்டார். வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் பதிந்தன.

"சபேசன், எழுந்திருங்க. படகை எடுக்கணும்."

சபேசன் கண் திறந்தார். "நானா? எனக்குத் துடுப்புப் பிடிக்கத் தெரியாதே அம்மா."

"வேதையனுக்கும் வந்த அன்னைக்குத் தெரியாது."

"ஊருக்குப் போயிட்டா இன்னைக்கு உள்ள உக்கார முடியாதே."

"முடியாது."

"இன்னைக்குத்தான் மூச்சு நல்லா நிலைச்சுது. இத்தனை வருஷத்துல இப்படி ஒரு நாள் அமைஞ்சதே இல்ல."

வேதையன் கூடத்தின் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே கால் வைப்பதா என்று தெரியாமல் நின்றார். அம்மாள் அவரைக் கையசைத்து அழைத்தார்.

"உங்களுக்கும் சேத்து இத்தனை வருஷமா இவர்தான் மூச்சு விட்டார்," என்றார் சபேசனிடம். "இன்னைக்கு இவருக்கும் சேத்து நீங்க விடுங்க."