நொண்டி வந்த ஓட்டக்காரி

ஒரு காட்டில் தாழை என்று ஒரு புள்ளிமான் இருந்தாள், குழந்தைகளே. அவள் ஓடினால் காற்றுக்கே மூச்சு வாங்கும். அப்படிப்பட்டவளுக்குப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் தூக்கம் போய்விட்டது. ஏனென்றால், இரண்டு கல்லூரிகள் அவளை ஓட்டப் பந்தயக் குழுவுக்கு அழைத்தன. ஒன்றில் சேர்ந்துவிட்டால் மூன்று வருடங்களுக்கு மாற முடியாது. அது அந்தக் காட்டுச் சட்டம்.

மலையடிவாரக் கல்லூரியின் தலைவர் நரியார் வீடு தேடியே வந்துவிட்டார்.

"தாழை இனிமே எங்க வீட்டுப் பொண்ணு! மூணு வருஷமும் இளம்புல் இலவசம். வாசல்ல அவ படத்தை யானை உசரத்துக்கு வரைஞ்சு வைப்போம்!"

அப்பா மான் அங்கேயே உருகிவிட்டார். "ஓடைக்கரைக் கல்லூரியில என்ன இருக்கு? ஒரு கரடிதான் பயிற்சி குடுக்குதாம். கரடிக்கும் ஓட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்றார்.

"கால் நல்லா இருக்கிற வரைக்கும் எல்லாரும்தான் தாங்குவாங்க" என்று அம்மா மான் முணுமுணுத்தாள்.

அது தாழையின் மனத்தில் தைத்தது. மறுநாள் அவள் நரியாரின் கல்லூரிக்கு நொண்டி நொண்டிப் போனாள். காலுக்கு ஒன்றுமில்லை. குறும்புக்காரி!

வாசலில் ஒரு குரங்கு அவள் படத்தைப் பாதி வரைந்திருந்தது. அவளைப் பார்த்ததும் நரியாரின் சிரிப்பு வடிந்துவிட்டது.

"காலுக்கு என்ன?"

"சுளுக்கு, ஐயா. ஓட ஆறு மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் வகுப்புல உட்கார்ந்து படிக்கட்டுமா?"

"படிக்கவா? இங்க யாரும்மா படிக்கிறாங்க?" என்று உளறிவிட்டு, நரியார் தொண்டையைச் செருமினார். "நீ வீட்டுக்குப் போ. கால் சரியானா சொல்லியனுப்பு."

அவள் திரும்புவதற்குள் அவர் குரங்கிடம் கத்தினார்: "முகத்தை அழிச்சிடு! புள்ளியை அழிக்காதே, சிறுத்தைக்கு ஆகும்!"

தாழைக்கு அழுகை முட்டியது. ஓடைக்கரைக் கல்லூரிக்கும் நொண்டிக்கொண்டே போனாள். அங்கே கரடியம்மா ஓடுபாதையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் கல்லைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"கண்ணு, என்னடி ஆச்சு?"

தாழை அதே சுளுக்குக் கதையைச் சொன்னாள்.

"ஆறு மாசம்தானே? ஓட்டம் எங்கே ஓடிப்போகப் போகுது? இன்னைக்கு மூலிகைப் பாடம் ஆரம்பிக்குது. போய் முன்வரிசையில உட்காரு. சாயங்காலம் காலுக்கு எண்ணெய் தேய்ச்சு விடறேன்."

தாழை கண்ணைத் துடைத்துக்கொண்டு வகுப்பை நோக்கி நொண்டினாள். பின்னால் கரடியம்மா சிரிப்பது கேட்டது.

"ஏண்டி, வரும்போது இடது கால்தானே வலிச்சுது? இப்போ வலது காலை இழுக்கிறியே!"

தாழை வெட்கத்தில் குறுகிப்போனாள். "தெரிஞ்சுமா உட்காரச் சொன்னீங்க?"

"காலைப் பார்க்கிறதுதானே என் வேலை? நீ பயந்து போய் வந்திருக்கேன்னும் தெரிஞ்சுது. போ போ, பாடம் ஆரம்பிச்சாச்சு."

தாழை நான்கு கால்களாலும் துள்ளிக்கொண்டு வகுப்புக்குள் ஓடினாள். அப்பா மானுக்குத்தான் அந்த இளம்புல்லை மறக்க வெகுநாள் ஆயிற்று.

நீதி: நீ ஓடும்போது கைதட்டுகிறவர்களை நம்பிப் போகாதே, ஓட முடியாதபோதும் உனக்கு இடம் தருகிறவர்களிடம் போய்ச் சேர்.