வைஃபை நோட்டீஸுக்கு மாடத்தி போட்ட பதில்

சங்கரன்கோவில் தையல்காரி மாடத்திக்குச் சென்னை வக்கீல் பொன்னம்பலத்திடமிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. போன மாதம் மூன்றாவது செவ்வாய், பகல் பதினோரு மணிக்கு, அவள் கடை வைஃபையில் ஒரு புதுப்படத்தைத் திருட்டுத்தனமாக இறக்கி ஊருக்கெல்லாம் அனுப்பினாளாம். கடையையே விற்றாலும் தேறாத ஐம்பதாயிரத்தைக் கட்டாவிட்டால் கோர்ட்டாம்.

மாடத்தி பதறவில்லை. "இந்த மாசம் மூணாவது செவ்வாய் பதினோரு மணிக்கு நேர்ல வாங்க, பேசித் தீர்த்துக்கலாம்" என்று பதில் போட்டாள்.

பணம் கைக்கு வந்த மாதிரிதான் என்று வக்கீல் கறுப்புக் கோட்டோடு வந்து இறங்கினார். மாடத்தி தையல் மிஷினைக் காலால் மிதித்தபடியே கேட்டாள்.

"நோட்டீஸ்ல போட்ட நேரம் தப்பா இருக்குமோ சார்?"

"எங்க கம்ப்யூட்டர் ஒரு நிமிஷம்கூடப் பிசகாதும்மா!" வக்கீலுக்குக் காதோரம் வேர்வை வழிந்தது. "முதல்ல அந்த ஃபேனைப் போடு."

"கரண்ட் இல்லையே சார். மாசாமாசம் மூணாவது செவ்வாய் ஊருக்கே ஷட்டவுன். காலையில ஒன்பதுக்குப் போனா சாயங்காலம் அஞ்சுக்குத்தான் வரும். வைஃபை பெட்டியும் அதே கரண்ட்லதான் ஓடுது."

மாடத்தி அந்த நோட்டீஸை இரண்டாக மடித்து வக்கீல் கையில் கொடுத்தாள்.

"விசிறிக்கோங்க சார். இதுக்காவது உதவட்டும்."