தொம்மையைக் கடித்த ஐஸ்

கோணத்துறை ஐஸ் கம்பெனியில் பாளம் தூக்கும் நாலு பேரைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் முதலில் சிரித்து முடிப்பார்கள், அப்புறம்தான் பேச்சு வரும். நால்வரில் மூத்தவர் கபிரியேல். யோசிக்கிற பொறுப்பு அவருடையது. சூசை எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவான். லாசர் எல்லாவற்றிலும் கேள்வி கேட்பான். நாலாமவன் தொம்மை. கதை அவனுடையது.

தொம்மை நாலு மாதம் முன்புவரை உப்பளத்தில் இருந்தவன். வெயில் அவனை ஒன்றும் செய்ததில்லை. ஐஸ் கம்பெனிக்கு வந்த பிறகுதான் வம்பு பிடித்தது. பாளத்தை லாரியில் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தால் போதும், கையெல்லாம் சிவந்து திட்டுத் திட்டாகத் தடித்துவிடும். அரிப்பென்றால் அப்படி ஓர் அரிப்பு. ஒரு மணி நேரத்தில் வந்த சுவடே தெரியாமல் போயும்விடும்.

இந்தத் தடிப்பால் ஒரு சம்பந்தமே கலைந்துபோயிருந்தது. பெண்ணின் அத்தை தொம்மையின் கையைப் பார்த்து, "தொத்து வியாதி" என்று எழுந்தவள்தான், காபிகூடக் கொடுக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை புன்னைவிளையில் பிலோமி என்ற பெண்ணைப் பார்க்கப் போக வேண்டும். போட்டோவிலேயே தொம்மைக்கு அவளைப் பிடித்துப்போயிருந்தது. மனசு கிடந்து அடித்துக்கொள்ள, கபிரியேலிடம் கையை நீட்டினான்.

"ஏதோ கடிச்சிருக்குலே," என்றார் கபிரியேல்.

"ஐஸைத் தவிர எதையும் தொடலையே அண்ணே."

"அப்ப ஐஸ்தான் கடிச்சிருக்கு."

"ஆமா, ஐஸ்தான்," என்றான் சூசை.

"ஐஸுக்குப் பல்லு ஏது?" என்றான் லாசர்.

கபிரியேல் கொஞ்ச நேரம் கண்ணை மூடினார். "ஐஸுக்கு இல்ல. உள்ள ஏதோ ஒளிஞ்சிருக்கு."

ஒரு முழுப் பாளத்தைக் கொண்டுவந்து வெயிலில் கிடத்தினார்கள். உள்ளே இருப்பது வெளியே வந்ததும் ஒரே போடு போட, ஆளுக்கொரு கட்டையோடு நாலு பக்கமும் நின்றார்கள். மதியத்துக்குள் பாளம் முழுக்கக் கரைந்தது. தொம்மை ஜில்லென்ற தண்ணீரில் கையை விட்டுத் துழாவியும் ஒன்றும் வரவில்லை.

"தப்பிச்சிட்டு," என்றார் கபிரியேல்.

"நாலு பேரு சுத்தி நின்னோமே, எப்படித் தப்பும்?" என்றான் லாசர்.

"தண்ணியோட தண்ணியா ஓடியிருக்கும். பலே கள்ளன்லே அது."

அப்போது முதலாளி வந்து, பாளம் எங்கே என்று கேட்டார். "ஓடிப்போயிட்டு மொதலாளி," என்றான் சூசை. முதலாளி தொம்மையின் கையைப் பார்த்தார், மற்ற மூன்று பேரின் கட்டைகளைப் பார்த்தார், உடனே டவுனுக்குப் போய்த் தோல் டாக்டரைப் பார்க்கும்படி நாலு பேரையும் விரட்டினார்.

டாக்டர் மங்கையர்க்கரசி பொறுமையானவர். விவரமெல்லாம் கேட்டுவிட்டு, ஒரு ஐஸ் துண்டை மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டுத் தொம்மையின் முன்கையில் ஐந்து நிமிடம் வைத்தார். பிறகு எடுத்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார். பத்து நிமிடத்தில் ஐஸ் இருந்த இடம் மட்டும் சதுரமாகச் சிவந்து, பிஸ்கட் ஒட்டினது மாதிரி எழும்பி நின்றது.

"இதுக்குப் பேரு குளிர் ஒவ்வாமை," என்றார் டாக்டர். "குளிர் பட்டா உங்க உடம்பு அதை எதிரின்னு நினைச்சு சண்டைக்குப் போகுது. அதான் தடிப்பு. தொத்து வியாதியெல்லாம் கிடையாது. யாருக்கும் ஒட்டாது."

தொம்மைக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த அத்தையைக் கூப்பிட்டு இந்த ஒரு வார்த்தையைக் கேட்க வைக்கலாமா என்றிருந்தது.

கபிரியேல் தொண்டையைச் செருமினார். "டாக்டரம்மா, ஐஸை எடுத்த பிறகுதானே தடிச்சுது?"

"ஆமா. தோல் திரும்பச் சூடாகும்போதுதான் தடிப்பு நல்லா எழும்பும்."

"அப்ப எடுக்காமலே விட்டுட்டா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அப்புறம் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்: "ஐஸைத் தொடாதீங்க. வேற வேலை பாருங்க. தினம் இந்த மாத்திரை ஒண்ணு. உடம்பை வெதுவெதுப்பா வச்சுக்குங்க. ஜில்லுனு எதுவும் குடிக்காதீங்க. கடல், குளம்னு திடீர்னு குதிக்கவே கூடாது, மயக்கம் வந்து உயிருக்கே ஆபத்தாயிரும். தண்ணியில தனியா இறங்காதீங்க. உதடோ நாக்கோ வீங்கினா, மூச்சு முட்டினா, ஒரு நிமிஷம்கூட தாமதிக்காம இவரைத் தூக்கிட்டு வாங்க."

நாலு பேரும் ஊர் வரும்வரை அதை மனப்பாடம் செய்தார்கள். ஒரு சொல் விடவில்லை. அதுதான் பிரச்சினை.

மறுநாள் காலை தொம்மை குளிக்கப் போனான். "தனியா இறங்காதேன்னு சொன்னாங்கல்லா?" என்று மூன்று பேரும் பின்னாலேயே நுழைந்தார்கள். அந்தக் குளியலறையில் ஒரு ஆளும் ஒரு வாளியும் நிற்கலாம், அதிலும் வாளி கொஞ்சம் ஒதுங்கினால். நாலு பேரும் உள்ளே போய்ச் சோப்புப் போட்டார்கள். யார் முதுகை யார் தேய்க்கிறார்கள் என்றே தெரியவில்லை. சூசை ஒரு காலை அக்கறையாகத் தேய்த்து முடித்த பிறகுதான் அது லாசருடையது என்று தெரிந்தது. கதவு உள்பக்கம் திறக்கிற கதவு. திறக்க இடமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கீலைக் கழற்றி அவர்களை ஒவ்வொருவராக உருவி எடுக்க ஒரு மணி நேரம் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. புன்னைவிளைக்கு மினி லாரியில் போக வேண்டும். வழியெல்லாம் கடல் காற்று.

"உடம்பை வெதுவெதுப்பா வைக்கணும். உமிக்குள்ள வைப்போம்," என்றார் கபிரியேல்.

"உமிக்குள்ள வச்சுத்தானே ஐஸைக் குளிர்ச்சியா வச்சிருக்கோம்?" என்றான் லாசர். "தொம்மையும் குளிர்ந்துருவானே?"

"ஐஸ் உள்ள போகையிலே குளிர்ச்சி, அதனால குளிர்ச்சியாவே இருக்கு. தொம்மை உள்ள போகையிலே சூடு. எப்படிப் போகுதோ அப்படியே இருக்கும்."

கபிரியேல் தன் வாழ்நாளில் சரியாகச் சொன்னது இந்த ஒன்றுதான். தொம்மையைக் கழுத்துவரை சாக்குக்குள் இறக்கி, சுற்றி உமியைக் கொட்டி இறுக்கினார்கள். புன்னைவிளையில் அவிழ்த்தபோது வெதுவெதுப்பாகத்தான் இருந்தான். ஆனால் காது, மூக்கு, சட்டைப் பை எல்லாம் உமி. பெண் வீட்டாருக்கு வணக்கம் சொல்லக் கையைத் தூக்கினான், அரைப்படி உதிர்ந்தது.

பிலோமி ரோஸ்மில்க் கொண்டுவந்தாள். ஐஸ் துண்டுகள் மிதந்தன. போட்டோவைவிட நேரில் அழகாக இருந்தாள் என்பதால் தொம்மையின் தலையே நிமிரவில்லை.

"நில்லு," என்றார் கபிரியேல். "ஜில்லுனு இருந்தா அவன் குடிக்கக் கூடாது. இருக்கான்னு நான் பார்க்கேன்." பாதி டம்ளர் குடித்தார். "சந்தேகமா இருக்கு."

சூசை மீதியில் பாதி குடித்தான். "ஆமா, சந்தேகம்தான்."

லாசர் கடைசிச் சொட்டுவரை குடித்து உதட்டைத் துடைத்தான். "சந்தேகமே இல்ல. ஜில்லுதான்."

டம்ளர் தொம்மையிடம் வந்தது. பாலில்லை, அடியில் ஐஸ் மட்டும் கிடந்தது. பெண் வீட்டார் எல்லாரும் அவனையே பார்த்தார்கள். கொடுத்ததை அப்படியே திருப்பினால் மரியாதையா?

"குடிக்கத்தானே கூடாதுன்னாங்க," என்று கிசுகிசுத்தார் கபிரியேல். "கடிக்கக் கூடாதுன்னு சொல்லலையே."

தொம்மை கறுக்கு முறுக்கென்று கடித்து விழுங்கினான்.

சற்று நேரத்தில் உதடு தடித்தது. பிறகு இன்னும் தடித்தது. பிலோமியின் அப்பா சூசையிடம் மெதுவாகக் கேட்டார். "மாப்பிள்ளைக்கு உதடு முதல்லயே இப்படியா?"

"இல்ல மாமா, இப்பத்தான் வளருது."

தொம்மைக்கு நாக்கும் கனத்தது. தொண்டையை யாரோ முடிச்சுப் போடுவது போலிருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தான், "ம்ப்பு" என்றுதான் வந்தது. பயத்தில் அவன் கண் அகலமானதைப் பிலோமி மட்டும்தான் பார்த்தாள். தெருவுக்கு ஓடி ஓர் ஆட்டோவை மறித்தாள். "ஏத்துங்க இவரை!"

"டாக்டரம்மா ஏத்திட்டு வரச் சொல்லலம்மா," என்றார் கபிரியேல். "தூக்கிட்டு வரணும்."

"தூக்கி, ஆட்டோவுக்குள்ள தூக்கிட்டே உக்காருங்க!"

அப்படியும் செய்யலாம் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. கபிரியேல் அசந்துபோனார். டவுன்வரை மூன்று பேரும் தொம்மையைச் சீட்டில் படாமல் கையில் ஏந்தியே வந்தார்கள். ஒவ்வொரு மேட்டிலும் அவன் தலை ஆட்டோக் கூரையில் இடித்தது. டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருந்த பிலோமி, "மூச்சு வருதா, மூச்சு வருதா?" என்று திரும்பித் திரும்பிக் கேட்டாள். தொம்மை "ம்ப்பு" என்றான். இவ்வளவு பிரியமாக அவனை யாரும் எதுவும் கேட்டதில்லை.

டாக்டர் ஊசி போட்டார். அரை மணியில் மூச்சு சீரானது. சாயங்காலத்துக்குள் உதடு பழைய அளவுக்கு வந்தது. பிலோமி எட்டிப் பார்த்து, "இப்பப் பரவாயில்ல," என்றாள். அதுவே சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது.

"ராத்திரி இங்கயே இருக்கட்டும், நான் பார்த்துக்கறேன்," என்ற டாக்டர், மூன்று பேரையும் பார்த்துக் கும்பிட்டார். "ஐஸைக் குடிக்கவும் கூடாது, கடிக்கவும் கூடாது, நக்கவும் கூடாது. கல்யாணத்துக்கு அவசரப்படாதீங்க. இந்த மழையிலயும் பனியிலயும் வேண்டாம். டிசம்பர் கழியட்டும், அதுக்குள்ள மாத்திரையும் பிடிபட்டுரும்."

"அப்ப ஜனவரி ஒண்ணாந்தேதி வச்சுருவோம்," என்றார் பிலோமியின் அப்பா. அவர் பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்தார்.

அன்று நவம்பர் இருபத்தேழு. மறுநாள் தொம்மை வீடு வந்ததும் நால்வரும் நாள்காட்டி முன் கூடினார்கள்.

"டிசம்பர் கழியணும்னு சொல்லிருக்காங்க," என்றார் கபிரியேல். "அது தானா எப்பக் கழியும்? நாமதான் கழிக்கணும்."

"ஆமா," என்றான் சூசை. அவன் நவம்பர்த் தாள்களைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, லாசர் டிசம்பர்த் தாள் முப்பத்தொன்றையும் எண்ணிக் கிழித்தான்.

நவம்பரில் மிச்சமிருந்த நாட்களை மட்டும் யோக்கியமாக ஒவ்வொன்றாகக் கடந்தார்கள். முப்பதாம் தேதி விடிந்து மறைந்தது. அடுத்த நாள் காலை தொம்மை பட்டு வேட்டி கட்டினான். வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் புது வருட வாழ்த்துச் சொல்லிக்கொண்டே நாலு பேரும் புன்னைவிளைக் கோயிலுக்குப் போனார்கள்.

மணி அடிக்கிறவர் வாசலில் மறித்தார். "இன்னிக்கு டிசம்பர் ஒண்ணுய்யா. கல்யாணம் அடுத்த மாசம்லா?"

கபிரியேல் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "கோயில்ல இன்னும் கிழிக்கலையா?"

அதற்குள் கோயிலுக்குள்ளிருந்து யாரோ விறுவிறுவென்று வந்தார்கள். கல்யாணச் சேலையில் பிலோமி. கசங்கிய சேலை, வாடிய பூ, பின்னால் கொட்டாவி விட்டபடி அவள் அப்பா. தொம்மையைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"வர்ற நேரமா இது? மூணு நாளா காத்துக் கிடக்கோம். எங்க வீட்டுல நவம்பர்ல மிச்சத்தையும் சேர்த்துல்லா கிழிச்சோம்!"