மூக்கு பதிஞ்ச கல்

முன்னொரு காலத்துல, குடைன்னா என்னன்னே தெரியாத காலத்துல, தென் அமெரிக்காவுல கடலோரமா ஒரு மண் ஊரு இருந்துச்சு. கோட்டை மண்ணு, கோயில் மண்ணு, ராஜா உக்கார்ற சிம்மாசனம்கூட மண்ணு. சிரிக்காதீங்க, அந்த ஊர்ல மழையே பெய்யாது! ஒரு பக்கம் பாலைவனம், ஒரு பக்கம் குளுகுளு கடல். காலையில பனிமூட்டம் வந்து எட்டிப் பாக்கும், மத்தியானம் இளவெயில் அடிக்கும், அவ்வளவுதான். கூரைக்கு ஒரு நாணல் பாய் போதும். அதே நாணலைக் கட்டித்தான் படகும் செய்வாங்க. மீன் பிடிச்சுட்டு வந்து, படகைச் சுவத்துல சாத்திக் காயப்போடுவாங்க.

அங்க சுடாத செங்கல் அறுக்கிற குடும்பம் நூறு. ஈரம் காயறதுக்குள்ள ஒவ்வொரு குடும்பமும் தன் கல்லுல ஒரு அடையாளத்தை விரலால கீறிடும். ஒருத்தருக்கு நத்தை, ஒருத்தருக்குப் பாதம். மிஸ்கிங்கிற பொண்ணோட குடும்பத்துக்கு நண்டு.

குவாமன் ராஜாவுக்கு அந்த அடையாளமெல்லாம் கண்ணை உறுத்துச்சு. சுவரு பூரா சாந்து பூசி மறைச்சுட்டாரு. அப்புறம் மூணு வேளையும் மாடத்துல நின்னு கத்துவாரு: "நானே கட்டினேன்! நானே கட்டினேன்! நானே கட்டினேன்!" அந்த மனுஷன் காலு மண்ணுல பட்டதே இல்லை, எங்க போனாலும் பல்லக்குதான்.

மிஸ்கியோட புருஷன் சுல்லா, மீன் பிடிக்கிறவன். தங்கமான ஆளு, வாய்தான் கொஞ்சம் நீளம். ஒருநாள் சந்தையில நின்னு, "அந்த மாடத்துச் சுவருக்குள்ள என் பொண்டாட்டி போட்ட நண்டு இருக்குய்யா!"ன்னுட்டான். ராஜா காதுக்குப் போச்சு. அரண்மனை மந்திரவாதி பூயுவைக் கூப்பிட்டாரு. பூயு ஒரு தடவை கைதட்டினான். சுல்லா, அலகுக்குக் கீழே பை தொங்கற கூழைக்கடாப் பறவை ஆயிட்டான்!

"இனிமே எவனாச்சும் 'நான் கட்டினேன்'னு சொன்னா இதே கதிதான்!"னு உறுமினாரு ராஜா.

மிஸ்கி பூயு கால்ல விழுந்து அழுதா. "ராஜாவே தன் வாயால 'நான் கட்டலை'ன்னு சொன்னா உன் புருஷன் மனுஷனாவான். மூணு நாள்தான் கெடு. மூணாம் நாள் பொழுது சாஞ்சுட்டா ஆயுசுக்கும் பறவைதான்"னான் பூயு.

அவ பறவையைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்தா. "மிஸ்கி, பசிக்குது"ன்னுச்சு கூழைக்கடா.

"யோவ், இந்த வாயாலதானே இவ்வளவும்!"னு திட்டிட்டு, அழுதுகிட்டே மீனை ஊட்டினா.

அன்னைக்குன்னு பார்த்து மலைநாட்டு ராஜாவோட தூதன் வந்தான். "எங்க ஊர்ல மழை பொத்துக்கிட்டு ஊத்தும். உங்களுக்கு அதுவும் இல்லையா? அடப் பாவமே!"ன்னான். குவாமனுக்குப் பொறுக்குமா?

"பூயு! எனக்கு மழை வேணும். அவனுக்குப் பெய்யறதைவிட மூணு மடங்கு!"

"நம்மளது மண்ணு ஊருங்க, மகாராஜா..."

"மழைன்னா என்ன, பனிக்கு அண்ணன்தானே? வரச்சொல்லு!"

"சரிங்க. ஆனா என் மழை லேசுல நிக்காது. ஒரு சுவரைக் கட்டினவங்க 'போதும்'னு சொன்னாத்தான் அந்தச் சுவத்து மேல நிக்கும்."

"கட்டினது நான்தானே! நானே சொல்லிக்கிறேன்."

பூயு கைதட்டினான். முதல் நாள் தூறல். ராஜா மாடத்துல நின்னு குதிச்சுக் குதிச்சு ஆடினாரு. ரெண்டாம் நாள் நல்ல மழை. சாந்து வழிஞ்சு ஓட, சுவரு பூரா நத்தை, பாதம், நண்டு! "போதும்!"னாரு ராஜா. மழை காதுலயே வாங்கலை. மூணாம் நாள் கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு. பாயெல்லாம் மிதக்குது, வீடெல்லாம் கரையுது. சனங்க கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கறாங்க. வாயைத் திறந்தா கூழைக்கடா ஆகணுமே! யாரு சொல்லுவா?

பொழுது சாயப்போகுது. மிஸ்கி பறவையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நேரா அரண்மனைக்குப் போனா.

"வேண்டாம் மிஸ்கி, நீயும் பறவையாயிடுவே"ன்னுச்சு கூழைக்கடா.

"ஆனா ஆயிட்டுப் போறேன். சேர்ந்தே மீன் பிடிப்போம், போ!" நண்டு மேல கையை வெச்சா. "இந்தச் சுவரை நான் கட்டினேன். மழையே, போதும்!"

சுத்திலும் கொட்டுது, அந்த ஒரு சுவத்து மேல மட்டும் சொட்டு இல்லை!

"பூயு, இவளையும் கூழைக்கடா ஆக்கு!"

பூயு ரெண்டு கையையும் அக்குள்ல சொருகிக்கிட்டான். "கை வரமாட்டேங்குது, மகாராஜா. அன்னைக்கு உங்க பேச்சை நம்பித் தட்டினேன். இன்னைக்கு மழையே சாட்சி சொல்லுதே!"

அதுக்குள்ள ராஜா உக்காந்திருந்த சிம்மாசனம் கொழகொழன்னு ஆயிடுச்சு. ராஜா முழங்கால் வரைக்கும் உள்ள போனாரு. "சரி, பாதி நான் கட்டினேன்!" இடுப்பு வரைக்கும் போனாரு. "கால்வாசி!" கழுத்து வரைக்கும் போனாரு. "மேற்பார்வையாவது பார்த்தேனே!"

"மகாராஜா, அடுத்தது மூக்கு"ன்னா மிஸ்கி.

"ஐயோ! நான் கட்டலை! நான் கட்டலை! நான் கட்டவே இல்லை!"

தொப்! மிஸ்கியோட கக்கத்துல இருந்து முழு ஆளா சேத்துல விழுந்தான் சுல்லா, வாயில பாதி மீனோட. மிஸ்கி அவனைக் கட்டிக்கிட்டு அழுதா, ரெண்டு அடியும் போட்டா. சனங்க ஓடிப்போய் அவங்கவங்க அடையாளத்தைத் தேடிப்பிடிச்சு, "போதும்! போதும்! போதும்!"னாங்க. சுவர் சுவரா மழை நின்னுச்சு.

ஒரே ஒரு இடத்துல மட்டும் நிக்கலை. சேத்துல இருந்து இழுத்துப்போட்ட ராஜாவோட தலைக்கு மேல முறம் அளவுக்கு ஒரு மேகம். அவர் போற பக்கமெல்லாம் கூடவே வந்து கொட்டுது. 'போதும்'னு சொல்ல அவருக்குன்னு ஒரு கல்லுகூட இல்லையே!

மிஸ்கிக்கு மனசு கேக்கலை. "வாங்க, நீங்களும் ஒரு கல்லு அறுக்கலாம், மண்ணை மிதிங்க"ன்னா. அவரும் மிதிச்சாரு. முதல் கல்லு விரிசல் விட்டுச்சு. ரெண்டாவது கல்லு உடைஞ்சுது. மூணாவதை அச்சுல இருந்து எடுக்கறப்ப வழுக்கி, மூஞ்சி குப்புற அது மேலயே விழுந்தாரு. மூக்கு அப்படியே பதிஞ்சிடுச்சு!

"அழிச்சிடாதீங்க, அதுதான் உங்க அடையாளம்"னா மிஸ்கி.

ராஜா அந்தக் கல்லைக் குழந்தை மாதிரி அணைச்சுக்கிட்டாரு. "இது நான் போட்டது"ன்னாரு. "போதும்." மேகம் கலைஞ்சு, வெயில் வந்துச்சு.

நூறு குடும்பமும் சேர்ந்து ஊரை மறுபடி கட்டினாங்க. சாந்தே பூசலை. மிஸ்கிதான் தலைமைக் கொத்தனார். சுல்லா மட்டும் கடைசி வரைக்கும் மீனை மெல்லாமலே முழுங்கினான். ராஜா? மூணு வேளையும் மாடத்துல நின்னு கத்தறதை அவர் விடவே இல்லை.

"எல்லாரும் பாருங்க! அஞ்சாம் வரிசை, ஏழாவது கல்லு! அது மட்டும் நானே! அது மட்டும் நானே! அது மட்டும் நானே!"